ஓட்டலாம், திறக்கக்கூடாது

ஸ்டியரிங்குக்குக் கீழே, வலப்பக்கக் கதவை ஒட்டி, கையளவுகூட இல்லாத ஒரு நெம்பு பெரும்பாலான கார்களில் இருக்கிறது. அதை இழுத்தால் முன்பக்கம் 'டக்' என்று சத்தம் கேட்கும். பானெட் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேலே எழும். இறங்கிப்போய் அந்த இடைவெளியில் விரலை விட்டு இரண்டாவது கொக்கியைத் தள்ளி, மூடியைத் தூக்கி, பக்கத்தில் படுத்திருக்கும் கம்பியை நிமிர்த்தி முட்டுக் கொடுக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றுவதைவிடக் குறைந்த பலம் போதும். ஆனாலும் கார் ஓட்டும் பெண்களில் நான் பேசிப் பார்த்த பலர் அந்த நெம்பைத் தொட்டதே இல்லை. பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஓட்டுகிறவர்களும் அவர்களில் உண்டு.

பெண்களுக்கு இதில் ஆர்வம் இல்லை, பயம் அதிகம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஓர் இயந்திரத்தை இயக்குவதும் அதைத் திறந்து சரிசெய்வதும் இரண்டு வேறு வேலைகளாகப் பிரிந்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. முதல் வேலை பெண்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடப்பட்டது. இரண்டாவது வேலையும், அதற்குரிய கூலியும், மரியாதையும் ஆண்களிடமே தங்கிவிட்டன. நான் வசிக்கும் செல்லூரில் இந்தப் பிரிவினையைக் காருக்கு முன்பே தறியில் பார்க்கலாம்.

தறியும் மேஸ்திரியும்

வைகையின் வடகரையில் இருக்கும் செல்லூர் நெசவாளர் ஊர். கைத்தறி இருந்த வீடுகளில் நெசவு என்பது வீட்டில் உள்ள எல்லோருடைய உழைப்பும்தான். நூலை இழைப்பது, ராட்டையில் தார் சுற்றுவது, பாவு போடக் கைகொடுப்பது என்று பெண்களின் கை படாமல் ஒரு முழம் துணி இறங்காது. என்றாலும் 'நெசவாளி' என்ற பெயர் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவருக்கே போனது. பெண்கள் செய்ததற்கு 'ஒத்தாசை' என்று பெயர்.

விசைத்தறி வந்தபோது இந்தக் கணக்கு மாறியிருக்கலாம். மோட்டார் தறியை இழுக்கிறது. உடல் பலம் என்ற காரணம் செல்லாது. பெண்கள் தறி ஓட்டவும் வந்தார்கள். ஆனால் நான் பார்த்த கூடங்களில் தறி நின்றுபோனால், அதை ஓட்டிய பெண் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மேஸ்திரி வர வேண்டும். நாடா சிக்கிக்கொண்டதா, பெல்ட் தளர்ந்ததா என்று ஓடும் சத்தத்திலேயே அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததைச் சொல்லவும் செய்வார். ஆனால் ஸ்பேனர் மேஸ்திரியின் பையில் இருக்கிறது. தறி நிற்கும் நேரத்துக்குத் துணி இல்லை. இறங்கும் துணியின் அளவுக்குத்தான் கூலி என்றால் அந்த நேரத்துக்குக் கூலியும் இல்லை. மேஸ்திரியின் சம்பளம் அப்படிக் குறைவதில்லை.

இங்கிலாந்தின் பெண்ணிய ஆய்வாளர் சிந்தியா காக்பர்ன் 1980-களில் அச்சுக்கூடங்களையும் பிற தொழிற்கூடங்களையும் ஆராய்ந்து எழுதிய நூல்களில் இதே காட்சி வருகிறது. புது இயந்திரம் வரும்போதெல்லாம் பெண்கள் பொத்தானை அழுத்தும் இடத்தில் அமர்த்தப்படுகிறார்கள். இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிந்தவர்களாக ஆண்கள் அதைச் சுற்றி நிற்கிறார்கள். தொழில்திறன் என்பது ஆண்கள் தமக்குள் சேர்த்துவைத்துக் கைமாற்றிக்கொள்ளும் ஒரு சொத்து என்று அவர் காட்டினார். செல்லூர்த் தறிக்கூடத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

இந்தியாவில் சட்டமும் இதற்குத் துணை நின்றது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, ஓடும் இயந்திரத்தின் பாகங்களைச் சுத்தம் செய்வது, எண்ணெய் விடுவது, சரிப்படுத்துவது ஆகிய மூன்றையும் பெண்களுக்கும் இளவயதினருக்கும் தடுத்தது. ஓடும் இயந்திரத்தில் சேலைத் தலைப்பும் கூந்தலும் சிக்குவது உண்மையான ஆபத்துதான். ஆனால் ஆண்களின் வேட்டியும் துண்டும்கூடச் சிக்கும். ஆணுக்கு அதே சட்டம் சொன்ன தீர்வு, இறுக்கமான உடையும் தனிப்பயிற்சியும். பெண்ணுக்குச் சொன்ன தீர்வு, விலகி நிற்பது. வளர்ந்த பெண்ணைச் சிறுவர்களோடு ஒரே வரியில் நிறுத்திய அந்த வாசகம் பல தலைமுறைப் பெண்களை எண்ணெய்க் கேனிலிருந்து தள்ளி வைத்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, எல்லா வகை வேலைகளிலும் பெண்களை அமர்த்தலாம் என்கிறது. சட்டத்தில் வரி மாறிவிட்டது. ஆனால் திறன் கைமாறும் வழி மாற இன்னும் நாளாகும்.

தொப்பி ஊசியால் சரிசெய்த கார்

மோட்டார் காருக்கு இப்படி ஒரு தொடக்கம் இருக்கவில்லை. முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்தைச் செய்தவர் ஒரு பெண். வழியில் பழுது பார்த்தவரும் அவரே.

1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களுடன், கணவரிடம் சொல்லாமல், அவர் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியில் புறப்பட்டார். தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் நூறு கிலோமீட்டர். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி எடுத்தார். ஓரிடத்தில் மின்கம்பியின் உறை தேய்ந்திருந்ததால் தன் காலுறைப் பட்டையைக் கழற்றிச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் ஒரு செருப்புத் தொழிலாளியைப் பிடித்து அதன்மேல் தோல் அடிக்கச் செய்தார். எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில், துணிக்கறை நீக்க விற்ற லிக்ராயினை வாங்கி ஊற்றினார். அந்த வண்டி உருவானதற்கு அவருடைய சீதனப் பணமும் காரணம். உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் கார்ல் பென்ஸ். ஆனால் அந்த வண்டியை நம்பிச் சாலையில் இறக்கலாம் என்று காட்டியது பெர்த்தாவின் பயணம்.

அந்தக் காலத்துக் கார்களில் ஓட்டுவதையும் பழுது பார்ப்பதையும் பிரிக்க முடியாது. ஓட்டத் தெரிந்தவர் திறக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் பந்தயக் காரோட்டி டாரதி லெவிட், பெண்களுக்காகவே ஒரு கார்க் கையேட்டை 1909-இல் வெளியிட்டார். பின்னால் வரும் வண்டியைப் பார்க்கக் கைக்கண்ணாடி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்று அதில் அவர் சொன்ன யோசனைதான் இன்று அதிகம் பேசப்படுகிறது. எண்ணெய் விடுவதும், வண்டி நின்றால் எங்கே கோளாறு என்று தேடுவதும் அதே புத்தகத்தில் பாடங்களாக இருப்பதைப் பேசுகிறவர்கள் குறைவு.

1912-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்கள் மின்சார ஸ்டார்ட்டருடன் வந்தன. அதற்கு முன்பு, கார் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றித்தான் இன்ஜினைக் கிளப்ப வேண்டும். அது பின்னோக்கி உதைத்துக் கை முறிந்தவர்கள் உண்டு. அவர்களில் ஆண்களே அதிகம். ஆனாலும் மின்சார ஸ்டார்ட்டர் பெண்களுக்கான வசதி என்றே விளம்பரம் செய்யப்பட்டது. 'நீங்கள் வண்டியின் முன்பக்கம் போகவே வேண்டாம்' என்பது அந்த விளம்பரங்களின் சாரம். ஓட்டும் இருக்கை பெண்ணுக்குக் கிடைத்தது. பானெட் பக்கம் போகத் தேவையில்லாதவள் என்ற அடையாளமும் கூடவே வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டன் தன் பெண்களை ராணுவ வண்டிகளுக்கு அடியில் படுக்கவைத்தது. பின்னாளில் ராணியான எலிசபெத்தும் 1945-இல் டயர் மாற்றவும் இன்ஜின் பழுது பார்க்கவும் பயிற்சி பெற்றார். போர் முடிந்ததும் அந்தக் கைகள் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பப்பட்டன. நம் ஊரில் 1990-களில் 'ஸ்கூட்டி' வந்தபோதும் இதே கதைதான். பெண்கள் உதைத்துக் கிளப்ப வேண்டாம், பொத்தான் போதும் என்ற விற்பனை மொழி, எண்பது ஆண்டுப் பழைய காடிலாக் மொழி.

மதுரையின் கரி பஸ்

ஸ்கூட்டியைச் செய்த நிறுவனத்தின் வேர் மதுரையில் இருக்கிறது. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-இல் இங்கே தொடங்கிய தொழில், தென்மாவட்டச் சாலைகளில் பஸ்களை ஓடவிட்டது. டி.வி.எஸ். பஸ் கடப்பதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த நேரந்தவறாமைக்குப் பின்னால் பணிமனைகளும் கிளீனர்களும் மெக்கானிக்குகளும் இருந்தார்கள். தென்தமிழ்நாட்டில் மோட்டார் அறிவு பரவிய முக்கியமான வழி அது. அது ஆண்களின் வழி.

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, பஸ்களை ஓட்ட டி.வி.எஸ். நிறுவனம் ஒரு கரிவாயுக் கலனைச் செய்தது. மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, வரும் வாயுவைக் குளிரவைத்து, வடிகட்டி இன்ஜினுக்குள் அனுப்பும் ஏற்பாடு. வண்டி கிளம்புமுன் யாராவது கரியை அடுக்க வேண்டும், தீ மூட்ட வேண்டும், காற்றடித்துக் கங்கைச் சிவக்க வைக்க வேண்டும், சாம்பலைத் தட்ட வேண்டும், வடிகட்டியில் சேரும் கரித்தூளை எடுக்க வேண்டும். இந்த வரிகளைப் படிக்கும் எந்தப் பாட்டிக்கும் இது தெரிந்த வேலை. கும்மட்டி அடுப்பில் எவ்வளவு கரி போட்டால் எவ்வளவு நேரம் கங்கு நிற்கும், ஈரக்கரி எப்படிப் புகையும் என்று மதுரையில் அன்று மிக நன்றாக அறிந்தவர்கள் பெண்கள். அடுப்படியில் அது 'வீட்டு வேலை'. பஸ்ஸின் பின்பக்கம் அதே கரி, அதே கங்கு, அதே சாம்பல் 'டெக்னிக்கல் வேலை' ஆனது; அதற்குச் சம்பளம் கிடைத்தது. கரியோ நெருப்போ மாறவில்லை. செய்தவர் யார் என்பதுதான் மாறியது.

அந்த மோட்டார்க் குடும்பத்தின் மகள் ஒருவரும் இந்த வரலாற்றில் வருகிறார். சுந்தரம் அய்யங்காரின் மகள் சௌந்தரம் 1904-இல் பிறந்தவர். சிறுவயதில் மணம் முடித்து, இளமையிலேயே கணவரை இழந்தார். பிறகு டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் படித்து மருத்துவரானார். 1940-இல் சாதி வழக்கத்தை மீறி ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-இல் இருவரும் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை உருவாக்கினார்கள். விதவைப் பெண் ஒருத்தி மனித உடலை அறுத்துச் சரிசெய்யக் கற்கலாம் என்ற இடம்வரை மதுரையின் செல்வக் குடும்பம் ஒன்று வந்திருந்தது. பெண் மருத்துவர்கள் தேவை என்பதைப் பெண்களின் பிரசவ வலி நிறுவியிருந்தது. பெண் மெக்கானிக் தேவை என்று நிறுவ அப்படி ஒரு காரணம் யாருக்கும் தோன்றவில்லை.

இயந்திரத்தின் பக்கம் போன பெண்ணும் அதே காலத்தில் இருந்தார். பதினெட்டு வயதில் கைக்குழந்தையுடன் விதவையான ஏ.லலிதா 1940-இல் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பேராசிரியராக இருந்த தந்தை அதற்கு வழிசெய்தார். பீகாரின் ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி எடுத்து, இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர்களில் ஒருவரானார். பட்டச் சான்றிதழில் ஆணைக் குறித்து அச்சிட்டிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக்கொடுத்தார்கள். சௌந்தரமும் லலிதாவும் படித்த, உயர்சாதிக் குடும்பத்துப் பெண்கள். கல்லூரி வழியாக அவர்களால் உள்ளே போக முடிந்தது. செல்லூர் போன்ற ஊர்களின் பெண்களுக்குக் கல்லூரிக் கதவு எட்டாது. பட்டறைக் கதவு பக்கத்திலேயே இருந்தும் திறக்கவில்லை.

பன்னெண்டு–பதிமூணு

பட்டறை என்பது ஒரு பள்ளிக்கூடம். எங்கள் பகுதியின் மெக்கானிக் ஷெட்களில் சிறு வயதில் வேலைக்கு வந்து தொழில் கற்றவர்களே இன்று முதலாளிகள். "டேய், பன்னெண்டு–பதிமூணு எடுத்துட்டு வாடா" என்ற குரலுக்கு ஓடி ஓடி, எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்பது கண்ணளவில் பதிந்துவிடும். புத்தகம் கிடையாது, கட்டணம் கிடையாது. அடியும் வசவும் உண்டு. படிப்பை இழந்த பையன்களின் உழைப்பு அது. பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களை அங்கே வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடுத்திருப்பது நியாயம். ஆனால் வேலைக்குப் போகாத பையன்களும்கூட அந்த ஷெட் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தே பாதியைக் கற்றுவிடுகிறார்கள். ஒரு பெண்பிள்ளை அங்கே அரை மணி நேரம் நின்று வேடிக்கை பார்த்தால் தெரு என்ன பேசும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அரசின் பாடத்திட்டத்தில் இருக்கும் குறை இங்கேதான் ஆணையும் பெண்ணையும் வேறுவிதமாகத் தாக்குகிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 31-ஆவது விதி, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளின் பாடத்தை வகுக்கிறது. இன்ஜினைக் கிளப்புமுன் செய்யும் சோதனைகள் அதில் உண்டு. வாகன இயந்திரமும் பழுதும், வாகனப் பராமரிப்பு என்று தனிப் பகுதிகளும் உண்டு. ஆனால் சொந்த வண்டி ஓட்டக் கற்பவர்களுக்கு உரிய பகுதிகளின் பட்டியலில் இவை இரண்டும் சேரவில்லை. நான் கற்ற பள்ளியிலும் பானெட் ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை. ஆண்களுக்கும் அதே பள்ளிதான். ஆனால் அவர்களுக்கு ஷெட் வாசல் என்ற இரண்டாவது பள்ளி இருக்கிறது. பெண்ணுக்கு லைசென்ஸோடு பாடம் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அவள் வண்டியை சர்வீசுக்குத் தனியாகக் கொண்டுபோனால், "சார் வரலையா மேடம்?" என்ற கேள்வியும், எதை மாற்றினார்கள் என்று புரியாத ஒரு பில்லும் கிடைக்கும்.

அரசுப் பேருந்தின் ஸ்டியரிங்கை ஒரு பெண் பிடிக்க 1993 வரை ஆனது. கன்னியாகுமரி மாவட்டத்தின் வசந்தகுமாரி அந்த ஆண்டு தமிழ்நாட்டின் முதல் அரசுப் பேருந்துப் பெண் ஓட்டுநரானார். அரசு வேலையில் பெண்களுக்கு வந்திருந்த 30 விழுக்காடு இடஒதுக்கீடு அவருக்குக் கைகொடுத்தது. ஓட்டும் இருக்கைக்கு வழி பிறக்க ஓர் அரசாணை தேவைப்பட்டது என்பதை மறக்கக்கூடாது. பணிமனைக் குழிக்குள் இறங்கி வண்டியின் அடிவயிற்றைப் பார்க்கும் வேலைக்கும் அப்படி ஒரு தள்ளுதல் தேவை.

மூடியின் கீழே இருப்பது

அங்கே இருப்பது நமக்கு அந்நியமானதா? பட்டியல் போட்டுப் பார்க்கலாம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சூடு ஆறவிட வேண்டும். மஞ்சள் அல்லது ஆரஞ்சு வளையம் வைத்த ஒரு கம்பி தெரியும். அதை உருவி, துணியால் துடைத்து, முழுக்க உள்ளே விட்டு மறுபடி உருவினால் எண்ணெய் எதுவரை நனைத்திருக்கிறது என்று தெரியும். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் போதும். தொட்டியில் குச்சி விட்டுத் தண்ணீர் பார்ப்பதும் இதே முறைதான்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கக்கூடாது. குக்கரின் விசில் அடங்காமல் மூடியைத் திறக்கக்கூடாது என்பதற்கு என்ன காரணமோ அதே காரணம். அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். அழுத்தத்தைத் திடீரென விட்டால் சீறி முகத்தில் அடிக்கும். நாள்தோறும் குக்கர் வைக்கும் பெண்ணுக்கு இந்த இயற்பியல் கையில் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் வெளிறிய பிளாஸ்டிக் டப்பாவில் கூலண்ட் அளவைத் திறக்காமலே பார்க்கலாம்.

பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைச் சமையல் சோடா கலந்த தண்ணீரால் துடைக்கலாம். கழற்றும்போது கழித்தல் குறியுள்ள முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் வீட்டுப் பெண்களுக்கு இதுவும் தெரிந்த சரக்கு. கீச்சிடும் பெல்ட்டின் சத்தம் மாவு கிரைண்டரில் கேட்ட சத்தம்.

தையல் மெஷினை நினைத்துப் பாருங்கள். ஊசி, நூலின் இறுக்கம், பல்சக்கரத்தில் சேரும் பஞ்சு, துளைகளில் விட வேண்டிய எண்ணெய் என்று அதைத் திறந்து பராமரிக்கும் வேலையைப் பல தலைமுறைகளாகப் பெண்கள் செய்கிறார்கள். மிக நுணுக்கமான இயந்திரம் அது. 'பெண்களின் மெஷின்' என்பதால் அந்த அறிவை யாரும் இயந்திர அறிவு என்று எண்ணவில்லை. பெண்களுக்கான ஐ.டி.ஐ.களில் நெடுங்காலம் தையல் ஒரு முக்கியப் பிரிவாக இருந்தபோது, மோட்டார் மெக்கானிக் பிரிவு ஆண்களின் ஐ.டி.ஐ.க்குச் சென்றது. இரண்டுக்கும் வெளியே கிடைத்த கூலி ஒன்றல்ல.

எல்லாப் பெண்களும் தத்தம் காரைத் தாமே பழுது பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டு வேலையும் வெளி வேலையும் பார்ப்பவளுக்கு மூன்றாவதாக ஒரு வேலை வேண்டியதில்லை. பார்த்துப் புரிந்துகொள்ளும் வழி அடைக்கப்பட்டிருக்கக் கூடாது என்கிறேன். கார் வைத்திருக்கும் பெண்ணுக்கு அது இரவில் வாடிப்பட்டி தாண்டி நாற்கரச் சாலையில் தனியாக ஓட்டும் துணிவு. சரியாகப் படிக்க முடிகிற ஒரு பில். தறி ஓட்டும் பெண்ணுக்கு அது கூலி. காருக்குச் சொந்தக்காரியும் தறிக்கூலியும் ஒரே வர்க்கம் இல்லை. ஆனால் இருவர் கையிலும் இல்லாத ஸ்பேனர் ஒன்றுதான்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவையும் சின்னவை, திட்டவட்டமானவை. ஓட்டுநர் பள்ளிகளில் சொந்த வண்டிக்காரர்களுக்கும் பராமரிப்புப் பாடம் கட்டாயமாக வேண்டும். ஒரு நாளாவது பானெட் திறந்திருக்க வேண்டும். மகளிர் ஐ.டி.ஐ.களில் மோட்டார் மெக்கானிக் பிரிவும், பணிமனைகளில் பெண்களுக்குப் பயிற்சி இடங்களும், அங்கே அவர்களுக்குக் கழிப்பறையும் வேண்டும். விசைத்தறிக் கூடங்களில் தறி ஓட்டும் பெண்ணுக்கு மேஸ்திரி வேலைக்கான பயிற்சியும், அந்த வேலைக்குரிய சம்பளமும் வேண்டும்.